அம்பாசடருக்கு இசுசு இன்ஜின்: மாற்றும்போது கவனித்தவை

தினமும் ஓட்டும் பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்குப் பதில் ஜப்பான் கம்பெனியான இசுசுவின் 1817 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதன் ஐந்து கியர் பெட்டியும் வைத்தேன். இந்த ஜோடியை 1990களில் அதே காரில் கம்பெனியே பொருத்தி விற்றது. அதனால்தான் வேறு இன்ஜின் தேடவில்லை.

இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். கியர் பெட்டி, இன்ஜினைத் தாங்கும் மவுன்ட், கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), கிளட்ச், ரேடியேட்டர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, தரையில் கியர் லீவருக்குத் துளை போட வேண்டும்.

எனக்குத் தொல்லை கொடுத்தது ஷாஃப்ட்தான். வெட்டி ஒட்டிய ஷாஃப்ட்டைப் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டியதும், வேகம் கூடக்கூட தரை அதிர்ந்தது. லேத்தில் பேலன்ஸ் செய்தும் பாதி அதிர்வு மிச்சம். காரணம் கோணம்: கியர் பெட்டியின் சாய்வும் பின் ஆக்சிலில் ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியல் பினியனின் சாய்வும் இணையாக இல்லை. லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரிசெய்த பிறகே அடங்கியது. கோணத்தைக் கார் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது அளந்து பாருங்கள். ஜாக்கியில் தொங்கினால் அளவு பொய்யாகும். கியர் பெட்டிக்குள் முன்னும் பின்னும் நகரும் ஷாஃப்ட் முனையான ஸ்லிப் யோக் உள்ளே போக இரண்டு சென்டிமீட்டராவது இடம் வேண்டும்.

ரிவர்ஸ் கரகரத்தால் கியரைக் குறை சொல்லுமுன் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரில் (மிதியை அழுத்தும்போது எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) சிக்கியிருக்கும் காற்றை வெளியே எடுங்கள்.

முன்சக்கர டிரம் பிரேக்கோடு இந்த இன்ஜினை ஓட்டாதீர்கள், டிஸ்க் மாற்றுங்கள். வேலை தொடங்குமுன்பே ஆர்டிஓ அனுமதி. முடிந்ததும் ஆர்சியில் புது இன்ஜின் எண்.