பக்கத்து வீட்டாரைப் பகைக்காமல் ட்ரோன் விடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் பொழுதுபோக்குக்கு ட்ரோன் விட உரிமம் வேண்டாம். இதைக் கேட்டதும் பையன்கள் மீதி விதிகளைப் படிப்பதில்லை. ஆளுக்கோ அடுத்தவர் வீட்டுக்கோ 50 மீட்டருக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது. டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய எங்கள் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கொல்லையில் கறிவேப்பிலை மரத்தடியில் நின்று எந்தப் பக்கம் அளந்தாலும் அந்த 50 மீட்டருக்குள் பல குடும்பங்கள் வந்துவிடும். அதனால்தான் என் தம்பி மகனிடம் நான் சொல்வது: பேட்டரியைச் சார்ஜ் போடுவதற்கு முன்னால் போய்க் கதவைத் தட்டு.

கேட்கப் போகும்போது ட்ரோனையும் கையில் எடுத்துப் போங்கள். ரிமோட்டின் திரையில் அது எதைப் பார்க்கிறது என்று அந்த வீட்டுப் பாட்டிக்குக் காட்டுங்கள். இங்கே ஜன்னலுக்குக் கம்பி, வாசலுக்கு இரும்பு கேட், தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு என்று வாழ்கிறோம். தலைக்கு மேல் ஒன்று நின்று ரீங்காரமிட்டால் சின்னப் பையன் விளையாடுகிறான் என்று யாருக்கும் தோன்றாது. திருடன் வீட்டை நோட்டம் விடுகிறான் என்றுதான் தோன்றும். பறக்கவிடும் முன் அந்தக் குழுவில் பெயர், இடம், நேரம் மூன்றையும் போடுங்கள். இறக்கியதும் அதையும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் சத்தம். ட்ரோன் கடந்து போனால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒரே இடத்தில் நின்று கத்தினால்தான் எரிச்சல். எனவே ஒரு வீட்டுக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் காதைக் குடைவது 40 மீட்டரில் 12 டெசிபல் தணிந்துவிடும். ஆனால் 45 மீட்டருக்கு மேலே ஏற்ற அனுமதி இல்லை. அதனால் உயரத்தை நம்பாமல் ஏற்றி இறக்கும் இடத்தைத் தள்ளி வையுங்கள். மைதானத்தின் நடுவில் என்றால் நல்லது, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கையில் கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், அதுவும் சத்தத்தைக் கூட்டும். டர்பனில் மதியத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று கிளம்பினால் மோட்டார் திணறும், சுருதி ஏறி இறங்கும். காலையில் காற்று அமைதிதான். அதற்காக ஞாயிறு விடியலில் கிளம்பாதீர்கள்! சனிக்கிழமை பத்து மணி வாக்கில் என்பது என் கணக்கு.

கேமராவுக்கு வருவோம். போகும் வழியெல்லாம் பதிவு செய்ய வேண்டியதில்லை. படம் வேண்டிய இடத்தில் மட்டும் ரெக்கார்ட் பொத்தானை அழுத்துங்கள். அகல லென்ஸில் நீங்கள் கவனிக்காத கொடித்துணியும் நீச்சல் குளமும் வந்து விழும். வெளியில் போடும் முன் கார் எண், கேட், குழந்தைகள் முகம் மூன்றையும் வெட்டிவிடுங்கள். “சொந்தத்துக்கு எடுத்தால் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாதே” என்று சிலர் வாதாடுவார்கள். சரி, பொருந்தாதுதான். ஆனால் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தரும் தனியுரிமை அங்கேயேதான் இருக்கிறது.

காவடி அன்று வேண்டவே வேண்டாம். கோயில் கமிட்டி தலையாட்டினாலும் கூட்டத்தின் தலைக்கு மேல் விட முடியாது. சாமி வந்து ஆடுகிறவரை மேலிருந்து படமெடுப்பது எனக்குச் சம்மதமும் இல்லை. கல்யாணத்தைக் காசுக்குப் பிடித்துக் கொடுப்பது பொழுதுபோக்கில் சேராது, அதற்கு உரிமமும் அனுமதியும் தனி. டொங்காட், வெருலம் ஊர்களில் இருக்கும் உறவுகளே, டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் உங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் ட்ரோனே கூடாது.

உங்கள் வீட்டுக்கு மேல் யாருடையதோ வந்து நின்றால்? கல்லெறியாதீர்கள். விழுந்தால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது, உடைந்த லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும். விடுகிறவர் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே விட வேண்டும் என்பது விதி, ஆகவே அநேகமாகப் பக்கத்தில்தான் நிற்பார். தேடிப் போய் நிதானமாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் தேதி, நேரம், ஒரு படம் இவற்றோடு போலீஸிலோ சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திலோ புகார் கொடுங்கள்.