கொழும்பு அலுவலகக் கணினிகளில் நேர ஒத்திசைவு

முதலில் ஒவ்வொரு கணினியிலும் நேர வலயத்தைக் கொழும்பு எனத் தெரிவுசெய்யுங்கள். 1996இல் மாற்றப்பட்ட இலங்கை நேரம் 2006 ஏப்ரல் 15ஆம் திகதியே மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பியதால், இற்றைப்படுத்தப்படாத பழைய கணினிகள் அரை மணி நேரம் முந்திக் காட்டக்கூடும்.

அடுத்து, லினக்ஸ் இயங்கும் ஒரு கணினியில் கடிகாரத்தைச் சரியான நேரத்துடன் ஒத்திசைக்கும் குரோனி (chrony) மென்பொருளை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் வெளி நேர வழங்கிகள் 4 ஐக் குறிப்பிடுங்கள். இரண்டு மட்டும் இருந்து அவை முரண்பட்டால், எது சரியென்று மென்பொருளால் தீர்மானிக்க இயலாது என்பதால், இதில் சிக்கனம் வேண்டாம். அதே கோப்பில் உள்ளக வலையமைப்புக்கு அனுமதி வழங்கி, தீச்சுவரில் நேரத் தகவல் சென்றுவரும் யூடிபி (UDP) 123ஆம் துறையைத் திறந்துவிடுங்கள். ஏனைய கணினிகள் இந்த ஒன்றிடமே நேரம் கேட்கட்டும்.

தரவுத்தளம் இயங்கும் கணினியின் கடிகாரத்தைத் திடீரெனப் பின்னோக்கி நகர்த்தினால் பதிவுகளின் வரிசை குலையும்; ஆகவே பெரிய பிழையை அலுவலகம் திறக்குமுன் திருத்திவிடுங்கள், எஞ்சியதைக் குரோனி சிறிது சிறிதாகச் சரிசெய்யும்.