ஓவர்டிரைவ் போட்டால் பேஸ் மெலிகிறதா?

பெங்களூரு அல்சூரில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் அறையில், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலை மிதித்ததுமே என் பேஸ் கிதாரின் கனம் போய்விடும். டிரம்ஸ் தனியாக நிற்கும். கிதாருக்கென்று செய்த பல ஓவர்டிரைவ் பெடல்கள் தாழ்ந்த ஒலியை வேண்டுமென்றே குறைக்கின்றன. பேஸின் ஈ கம்பியோ 41 ஹெர்ட்ஸ். பேஸின் உயிரே அங்கேதான்.

ஒலியை இரண்டு வழிகளில் அனுப்பிக் கலக்கும், பாஸ் (Boss) நிறுவனத்தின் எல்எஸ்-2 பெடல்தான் இதைச் சரிசெய்தது. 'ஏ+பி மிக்ஸ்' முறையில் வைத்து, ஏ வழியில் ஓவர்டிரைவைக் கோத்தேன். பி வழியில் ஒரு குட்டி பேட்ச் கேபிள் மட்டும், எஸ்.பி. ரோட்டில் ஜாக் வாங்கி நானே சால்டர் செய்தது. முதலில் பி குமிழை ஏற்றி, சுத்தமான ஒலி அறையை நிறைத்த பிறகு ஏ-வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். மேலே கரகரப்பு, கீழே அதே கனம். அப்படியொரு சுகம்!

சில ஓவர்டிரைவ்கள் ஒலி அலையைத் தலைகீழாக்கிவிடும்; அது சுத்தமான ஒலியோடு சேரும்போது ஒன்றையொன்று குறைத்துவிடும். கலந்த பிறகு ஒலி இன்னும் மெலிந்தால் அதையும் சந்தேகப்பட்டு, வேறு பெடல் மாட்டிப் பாருங்கள்.