புதிய தலைவர் பொறுப்பேற்கும்போது நாம் செய்ய வேண்டியவை

2025 செப்டம்பர் 27 அன்று தலைவர் ரசல் எம். நெல்சன் 101 வயதில் காலமானார். அக்டோபர் 14 அன்று டாலின் எச். ஓக்ஸ் எங்கள் சபையின் 18ஆவது தலைவரானார். வெளியார் 'மார்மன் சபை' என்று சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையைத்தான் சொல்கிறேன். இடைப்பட்ட அந்த இரண்டரை வாரத்தில் பலர் என்னிடம், "சிஸ்டர், இப்ப நாம என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். ஒத்தாசைச் சங்கத்தில், அதாவது சபையின் பெண்கள் அமைப்பில், பாடம் எடுப்பவள் என்ற முறையில் அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், போனவருக்காக வருத்தப்பட நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு கூட்டம் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது நெல்சன் காலத்தில்தான். அவரைத் தவிர வேறு தலைவரைப் பார்த்தே இராத பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். "அடுத்தவர் வந்துடுவார், கவலைப்படாதே" என்று அவர்கள் வாயை அடைக்க வேண்டாம்.

அப்புறம், தலைமை எப்படி மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்; பாதிப் பதற்றம் அதிலேயே போய்விடும். தலைவர் இறந்ததும், அவரும் அவருடைய இரண்டு ஆலோசகர்களும் சேர்ந்த பிரதான தலைமை கலைகிறது. ஆலோசகர்கள் இருவரும் அப்போஸ்தலர்களின் பன்னிருவர் குழுமத்தில் தங்கள் பழைய இடத்துக்குத் திரும்புகிறார்கள். சபையை அந்தக் குழுமமே நடத்துகிறது. அப்போஸ்தலராக நீண்ட காலம் இருப்பவர் தலைவராகிறார். வேட்பாளரும் கிடையாது, பிரச்சாரமும் கிடையாது. 1844இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டபோது அடுத்து யார் என்பதில் பெரிய குழப்பம் வந்தது. பிரிகாம் யங் தலைவராக 1847 டிசம்பர் ஆகிவிட்டது. 2025 அக்டோபரில் சபையின் பொது மாநாடோ பிரதான தலைமையே இல்லாத நேரத்தில், குறித்த நாளில், அமைதியாக நடந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

"இனி இது மாறுமாம், அது மாறுமாம்" என்று வரும் செய்திகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். பிரதான தலைமையும் பன்னிருவரும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும் என்பது நம் வேதத்திலேயே இருக்கிறது. ஆரூடத்துக்குச் செலவிடும் நேரத்தில் புதிய தலைவரின் பேச்சுகளைப் படிக்கலாம். ஓக்ஸ் 1984 முதல் அப்போஸ்தலர். அதற்கு முன் யூட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி. நாற்பது ஆண்டுப் பேச்சுகள் இருக்கின்றன. 2007 அக்டோபரில், நல்ல காரியங்கள் எல்லாவற்றையும் செய்ய நேரம் போதாது, அவற்றில் மிக மேலானதைத் தேர்ந்தெடுங்கள் என்று பேசினார். பிள்ளைகளை ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு இழுத்துக்கொண்டு ஓடும் பெற்றோர் அதிலிருந்து தொடங்கலாம்.

படித்துவிட்டு ஜெபியுங்கள். இவரைத் தேவன் அழைத்திருக்கிறாரா என்று நீங்களே கேளுங்கள். உங்கள் அம்மாவின் சாட்சியோ என் சாட்சியோ உங்களுக்குப் போதாது. பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆதரவு தெரிவிக்கக் கை உயர்த்துவதைப் பற்றி நிறையக் கேள்வி வருகிறது. அது ஓட்டு இல்லை. நம்பிக்கையாலும் விசுவாசத்தாலும் ஜெபத்தாலும் இவரைத் தாங்குவேன் என்று தேவனுக்குக் கொடுக்கும் வாக்கு. புதிய தலைவருக்கான சிறப்புக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவாக எழுந்து நிற்பார்கள். ஒத்தாசைச் சங்கத்தை அழைக்கும்போது, வீட்டில் ஒளிபரப்பு பார்த்துக்கொண்டிருந்தாலும் எழுந்து நில்லுங்கள். 2018இல் நெல்சனுக்கான கூட்டத்தின்போது நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன், என் மகள் அண்ணாந்து பார்த்து, "உங்களை அவங்க பார்க்கிறாங்களா?" என்றாள். அவர்கள் பார்க்க வேண்டியதில்லை என்றேன். மனம் ஒப்பவில்லையா? எதிர்ப்பவர்களும் கை உயர்த்த இடம் இருக்கிறது. அவர்கள் தங்கள் பிணையத் தலைவரிடம், அதாவது பல உள்ளூர்ச் சபைகளுக்குப் பொறுப்பானவரிடம், போய்ப் பேசலாம். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு கையை மட்டும் தூக்குவதைவிட அது நேர்மையானது.

சபைத் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டியில் நடக்கும் மாற்றத்தைவிட, நம் தொகுதியில், அதாவது நம் உள்ளூர்ச் சபையில், அதை நடத்தும் ஆயர் மாறும்போதுதான் நமக்கு உண்மையான வேலை. சுமார் ஐந்து வருடம், சம்பளமில்லாமல், குடும்பத்தையும் வேலையையும் பார்த்துக்கொண்டு செய்கிற பொறுப்பு அது. "முன்னாடி இருந்தவர் இப்படிச் செய்ய மாட்டார்" என்ற வாக்கியத்தை முதல் ஆறு மாதம் வாயிலேயே எடுக்காதீர்கள். அவர் ஒரு பொறுப்புக்கு அழைத்தால், முடிந்தவரை சரி என்று சொல்லுங்கள். வாரநாளில் யாரையாவது மருத்துவமனையில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால், அவர் கேட்பதற்கு முன்னே "நான் போகிறேன்" என்று சொல்லுங்கள்.

பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட பழைய ஆயரையும் மறக்காதீர்கள். நேற்றுவரை இரவு பகல் பாராமல் அவருக்குப் போன் செய்தவர்கள் இன்று யாரும் கூப்பிடுவதில்லை; அது அவருக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள், அவர் செய்த ஒரு குறிப்பான உதவியைச் சொல்லி.

புதிய ஆயர் மேடையில் உட்கார்ந்திருப்பார். திருவிருந்து நேரத்தில் அவர் மனைவி கீழே தனியாகக் குழந்தைகளைச் சமாளித்துக்கொண்டிருப்பார். ஒன்று அழும், இன்னொன்று பெஞ்சுக்கு அடியில் தவழும், மூன்றாவது கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று முந்தானையைப் பிடித்து இழுக்கும். அடுத்த ஞாயிறே போய் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், சின்னதைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.