பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தை வாசிப்பது எப்படி?

ஒரு போர் குறித்து ஐ.நா. தீர்மானம் நிறைவேறியதாகச் செய்தி வந்தால், அது எந்த அவையின் தீர்மானம் என்பதை முதலில் பாருங்கள். இலங்கை தொடர்பாக நாம் அடிக்கடி கேள்விப்படும் ஜெனீவாத் தீர்மானங்கள் மனித உரிமைகள் பேரவையுடையவை; அவை நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. பாதுகாப்புச் சபையின் முடிவுகளையோ, ஐ.நா. சாசனத்தின் 25ஆம் உறுப்பின்படி எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்று நடக்க வேண்டும்.

அடுத்து வாக்குகள். 15 உறுப்பு நாடுகளில் 9 ஆதரிக்க வேண்டும்; முக்கிய விவகாரங்களில் நிரந்தர உறுப்பு நாடுகள் ஐந்தில் ஒன்றுகூட எதிர்த்து வாக்களிக்கக் கூடாது. ஆனால் வாக்களிக்காமல் விலகி நிற்பது தடையாகாது. 2011இல் லிபியா குறித்த 1973ஆம் எண் தீர்மானம், ரஷ்யா, சீனா, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் விலகி நிற்க, 10 வாக்குகளில் நிறைவேறியது.

இனி தீர்மானத்தின் ஆங்கில மூலப் பிரதியைத் திறந்து, எண்ணிட்ட பத்திகளின் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். நம் மொழியில் வாக்கியத்தின் கடைசியில் வரும் வினை, அங்கே பத்தியின் முதல் சொல்லாகவே நிற்கும். 'முடிவு செய்கிறது' என்றால் கட்டளை. 'அழைப்பு விடுக்கிறது' என்பதில் அந்த வலு பொதுவாக இல்லை. 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' என்ற தொடர் படைபலத்துக்கான அனுமதி.

தீர்மானம் வேறோர் ஆவணத்தைச் சுட்டினால், அதையும் கட்டாயம் தேடி வாசியுங்கள். ருவாண்டாவில் இனப்படுகொலை தொடங்கி இரண்டு வாரங்களான நிலையில், 1994 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய 912ஆம் எண் தீர்மானத்தின் முன்னுரை, ஆயிரக்கணக்கான அப்பாவிகளின் சாவு கண்டு பேரதிர்ச்சி தெரிவிக்கிறது. எண்ணிட்ட பத்தியோ, அமைதிப் படையின் பணியைச் 'சரிசெய்ய' முடிவெடுத்து, படையின் அளவுக்குப் பொதுச் செயலாளர் அறிக்கையின் சில பத்திகளைக் கைகாட்டிவிடுகிறது. அந்த அறிக்கையைப் புரட்டினால்தான், சுமார் 2,500 பேருடன் இருந்த படை ஏறக்குறைய 270 பேராகச் சுருக்கப்பட்டது தெரியவரும். கொலைகள் நடந்துகொண்டிருந்த நேரத்தில் எடுக்கப்பட்ட இந்த முடிவை, அந்த ஒற்றை வினைச்சொல்லை வைத்து எவர் ஊகித்திருக்க முடியும்?

கடைசியாக, படையின் பணிக்காலம் முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1964இல் மூன்று மாதங்களுக்கென்று சைப்ரஸுக்கு அனுப்பப்பட்ட படை, நீட்டிப்புகளின் பேரில் இன்றும் அங்கே இருக்கிறது. ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் பழைய தீர்மானத்தையும் புதியதையும் அருகருகே வைத்து, எந்த வினைச்சொல் மாறியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.