காசு வாங்கி மசாஜ் செய்யும் முன்

வீட்டிலேயே மசாஜ் செய்து கொஞ்சம் சம்பாதிக்கலாம் என்று நினைப்பவர்கள், முதல் ஆளிடம் பணம் வாங்கும் முன்பே உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். இடத்துக்கு இடம் விதி மாறும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் செய்வது கடுங்குற்ற வகையில் வருகிறது; சிறைக்கும் வாய்ப்புண்டு. பிரிட்டனில் நாடு முழுவதற்குமான உரிமம் கிடையாது, ஆனால் லண்டனின் பல பகுதிகளில் மசாஜ் நடக்கும் இடத்துக்கு உரிமம் கேட்பார்கள். ஆளுக்கு உரிமம் வேறு, இடத்துக்கு அனுமதி வேறு. இரண்டையும் விசாரியுங்கள்.

"கட்டணம் இல்லை, அன்பளிப்புதான்" என்று சொன்னால் தப்பிக்கலாம் என்பார்கள். நம்பாதீர்கள். வேலைக்குப் பதிலாகப் பணம் கை மாறியதா என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் போட்ட விளம்பரமும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டண விவரமுமே சாட்சியாகிவிடும். "முதுகுவலியைக் குணமாக்குவேன்" என்று எழுதினால் மருத்துவம் பார்த்ததாகவும் வழக்கு வரலாம்.

எனக்குப் பெரிய கவலை காப்பீடுதான். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்திருக்கும் ஒருவருக்கு அது தெரியாமல் அழுத்தித் தேய்த்தால், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். உரிமம் தேவைப்படும் இடத்தில் அது இல்லாதவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் கைவிரித்துவிடும். இழப்பீடு உங்கள் சொந்தப் பணத்திலிருந்துதான் போகும்.

பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சில இடங்களில் மேற்பார்வையோடு விலக்கு உண்டு. உரிமம் தரும் வாரியத்திடமே நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.