சாக் கோட்டோவியங்களைத் தவறாகப் படிக்காதீர்கள்

19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்கள் தேவாலயப் படங்களுக்காக முன்வரைவாக வரைந்த சாக் (chalk, வரைகட்டி) கோட்டோவியங்களை முடிந்த படத்தின் சின்ன நகல் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் தவறே அதுதான். ஓவியருக்கு எழுந்த ஏதோ ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வரைந்தவை அவை.

பார்ப்பவரை அதிகம் திகைக்கவைப்பது ஆடையில்லாத புனிதர்கள். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. துணிக்குள் உடல் இருப்பது தெரியவேண்டும் என்றால் முதலில் உடலைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அகாதமி எனப்பட்ட ஓவியப் பள்ளிகளின் பயிற்சிக்கு அடிப்படை. மாடலை நிற்கவைத்து உடலை வரைவார்கள். அப்புறம் துணியைப் போர்த்தி, மடிப்புகளை வேறு தாளில் வரைவார்கள். தலையே இல்லாத அங்கியைப் பார்த்து 'பாதியில் விட்டுவிட்டார்' என்று சொல்லிவிடாதீர்கள். அந்தத் தாளில் அவருக்குத் தேவைப்பட்டது மடிப்பு மட்டும்தான்.

சில தாள்களில் ஒரே உருவத்துக்கு இருக்கும் கூடுதல் கைகளும் அப்படித்தான். பிரான்ஸின் ஒத்தான் நகரப் பேராலயத்துக்காக ஓவியர் ஆங்கர் (Ingres) 1834இல் முடித்த 'புனித சிம்போரியனின் வேதசாட்சி மரணம்' படத்துக்கு ஏராளமான முன்வரைவுகள் உண்டு. அவற்றில் ஒன்று, எண்ணெய் வண்ணத்தில் செய்தது, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரே ஆளுக்குக் கூடுதல் கைகால்கள் இருக்கும். கை எந்தப் பக்கம் நீண்டால் பாரம் சரியாக விழும் என்று அழிக்காமலேயே தேடியிருக்கிறார். சாக் தாள்களிலும் இந்தத் தேடலைக் காணலாம். எனக்கு முடிந்த படத்தைவிட இதுதான் பிடிக்கும், ஏனென்றால் அவர் யோசிப்பதே கண்ணுக்குத் தெரிகிறது.

உருவத்தின் மேல் ஓடும் கட்டங்களைப் பின்னால் யாரோ கிறுக்கியது என்று எண்ண வேண்டாம். ஆங்கரின் மாணவர் ஃபிளாந்த்ரேன் பாரிஸின் சேன் ஜெர்மேன் தே ப்ரே தேவாலயத்தில் செய்தது போன்ற பெரிய சுவரோவியங்களுக்கு, சிறிய வரைவைப் பெரிதாக்கக் கட்டம் போடுவதே வழக்கமான முறை. அதற்காகக் கட்டம் இருந்தாலே அசல் என்று முடிவுகட்டவும் கூடாது. நகலெடுப்பவர்களும் கட்டம் போட்டார்கள்.

கடைசியாகத் தாளின் நிறம். நீலம், சாம்பல், பழுப்புத் தாள்களில் நிழலுக்குக் கறுப்பு சாக்கும் ஒளிக்கு வெள்ளை சாக்கும் தீட்டுவார்கள். நடுத்தர நிறத்தைத் தாளே தந்துவிடும். பிரெஞ்சு ஓவியர் ப்ரூதோன் (Prud'hon) நீலத் தாளில் இப்படி வரைந்ததற்குப் பேர்போனவர். வெளிச்சம் பட்டு நீலம் பழுப்பாகிவிடுவதும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள். இந்தக் கோட்டோவியங்களைப் புகைப்படமாகப் பகிரும்போது 'பளிச்'சென்று இருக்கட்டும் என்று பின்னணியை வெளுக்கவைத்தால் வெள்ளை சாக் காணாமல் போய், தோளும் நெற்றியும் தட்டையாகிவிடும்.